வேண்டாத இசைத்தட்டுகள்

பண்டங்களின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் அவை பிறந்த கதையையே விரும்பி எழுதுகின்றனர். அவை கழிக்கப்பட்ட கதை எழுதப்படுவது அரிது. கிராமபோன் இசைத்தட்டும் இதற்கு விலக்கன்று. எடிசன், பேர்லினர் என்று கண்டுபிடிப்பாளரின் பெயர்களை மாணவர் மனனஞ் செய்கின்றனர்; ஆனால் ஏறத்தாழ அறுபது ஆண்டுக்காலம் கோடிக்கணக்கில் அழுத்தி எடுக்கப்பட்ட அந்தக் கரிய தட்டுகள் இறுதியில் எங்கே போயின என்று கேட்பார் இல்லை. பழந்தட்டுச் சேகரிப்போர் அவற்றுள் ஒரு சிறு பகுதியைத் தேடித் தேடிப் பாதுகாத்தனர் என்பது உண்மை. அவர்கள் தேடாதவை, தேடி எடுத்த பின்னர் வேண்டாமென்று ஒதுக்கியவை ஆகியவற்றின் கதியையே நாம் இங்கு ஆராய முற்படுகிறோம். இதற்கு அமெரிக்க நாட்டை எடுத்துக்கொள்வது பொருத்தம். தட்டுகளைப் பெருந்தொகையாக உற்பத்தி செய்ததும், பெருந்தொகையாக அழித்ததும், பின்பு பெருவிலை கொடுத்துத் தேடியதும் அங்கே ஒருசேர நிகழ்ந்தன. எனினும் அந்தக் கதை அமெரிக்காவில் தொடங்கவில்லை. இந்தியாவின் காடுகளிலே தொடங்குகிறது.

தட்டு எதனால் ஆனது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அதன் விதியை நிர்ணயித்தது அதிற் பதிந்த பாட்டன்று; அதன் மூலப்பொருளே. எமில் பேர்லினர் ஆரம்பத்தில் கடினமாக்கிய இறப்பரில் தட்டுச் செய்து பார்த்தார். அது திருப்தி தரவில்லை. 1890களின் நடுப்பகுதியில், நியூ ஜேர்சி மாநிலத்து நியூவார்க் நகரில் பொத்தான் முதலியவற்றை அச்சிலிட்டு அழுத்திச் செய்துவந்த டூரனொயிட் என்ற கம்பனியின் கலவையை அவர் நாடினார். சட்டைப் பொத்தானுக்குரிய அந்தக் கலவையிலேதான் உலகத்தின் சங்கீதம் பின்னர் பதிந்தது. கற்பொடி, பஞ்சிழை, கரி ஆகியவற்றை ஒன்றாகப் பிணைத்து நின்ற பொருள் ஷெல்லாக் எனப்படும் அரக்கு. கலவையில் அதன் பங்கு மூன்றில் ஒன்றுக்குங் குறைவே; ஆயினும் அது இல்லையேல் மற்றவை வெறும் புழுதி.

அரக்கு நமக்குப் புதிய பொருளன்று. பாண்டவரைச் சுட்டெரிப்பதற்கென எழுப்பப்பட்ட மாளிகை எதனால் ஆனது என்பதைக் கதை கேட்ட சிறுவரும் அறிவர். பலாசு, பூவம், இலந்தை ஆகிய மரங்களின் இளங்கொம்புகளில் மொய்த்துச் சாறுண்ணும் ஒரு சிறு பூச்சி, தன்னுடலைச் சுற்றிக் கசியவிடும் பிசினே கொம்பரக்கு. சோட்டா நாகபுரி மேட்டுநிலத்தில், அதாவது இன்றைய ஜார்க்கண்டிலும் அதனை அடுத்த பகுதிகளிலும், ஆதிவாசி மக்களும் சிறு விவசாயிகளும் இந்தக் கொம்புகளை வெட்டி அரக்கைப் பிரித்தெடுத்தனர். தரகர், ஆலைக்காரர், கல்கத்தா ஏற்றுமதியாளர் என்று அது கைமாறியது. ஆலையில் நடந்த வேலையை இங்கு குறிப்பிடாது விட நமக்கு மனமில்லை. அரித்துக் கழுவிய அரக்கை நீண்ட துணிப்பையில் இட்டுத் தீயின் முன்னே பிடித்து முறுக்குவர். உருகி வடிந்ததைச் சூடு ஆறுமுன் இன்னொரு தொழிலாளி கைகளாலும் கால்விரல்களாலும் பற்களாலும் பற்றி இழுத்து மெல்லிய தோலாக விரிப்பான். இத்தாலியப் பாடகர் கரூசோவின் குரலைப் பணக்கார வீடுகளின் வரவேற்பறைக்குக் கொண்டு சென்ற பொருள் இவ்வாறு ஒருவனது பல்லில் கடிபட்டு வந்தது. இதே சோட்டா நாகபுரியிலிருந்துதான் அசாம் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஒப்பந்தக் கூலிகள் ஏற்றிச் செல்லப்பட்டனர் என்பதை நமது மலையகத்தின் கதையை அறிந்த வாசகர் நினைவிற் கொள்வர்.

அரக்குக்கு ஒரு குணம் உண்டு. சூடேற்றினால் இளகும்; ஆறினால் இறுகும்; மீண்டும் சூடேற்றினால் மீண்டும் இளகும். எனவே விற்காத தட்டையும் உடைந்த தட்டையும் அரைத்துப் புதிய கலவையோடு சேர்த்து மறுபடி அழுத்திவிடலாம். புத்தகத்தை எரித்தால் சாம்பல் மிஞ்சும். தட்டை அரைத்தாலோ மிஞ்சுவது இன்னொரு தட்டு. ஒரு பாட்டின் உடலிலேயே மற்றொரு பாட்டு ஏறிக்கொள்ளும். முதலாளியின் கண்ணுக்கு விற்பனையாகாத தட்டு எப்போதும் ஒரு மூலப்பொருளாகவே தோன்றியதற்கு இதுவே காரணம்.

இந்த நோக்கு தேசியக் கொள்கையாகவே மாறிய ஆண்டு 1942. ஜப்பானியப் படைகள் கிழக்காசியாவில் முன்னேற, இந்து சமுத்திரக் கப்பற் போக்குவரத்து ஆபத்துக்குள்ளாயிற்று. அரக்கோ யுத்த தளபாடங்களின் பூச்சுகளுக்கும் தேவைப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் அமெரிக்க யுத்த உற்பத்திச் சபை, இசைத்தட்டுக் கம்பனிகள் உபயோகிக்கும் அரக்கை 70 சதவீதம் குறைக்குமாறு ஆணையிட்டது. கம்பனிகள் உடனே பழைய தட்டுகளின் பக்கம் திரும்பின. கடைகள் சில சதம் கொடுத்துப் பழந்தட்டுகளை வாங்கின. யுத்தவீரருக்குப் புதிய தட்டுகள் அனுப்புவதற்கென்று ஓர் இயக்கம் அமைக்கப்பட்டு, வீடு வீடாகப் பழைய தட்டுகள் திரட்டப்பட்டன; அவை அரைப்பதற்கு விற்கப்பட்டன. தேசபக்தியோடு மக்கள் பரண்களையும் நிலவறைகளையும் காலி செய்தனர். எதைக் கொடுக்கிறோம் என்று எவரும் பட்டியல் எழுதவில்லை.

அதே ஆண்டு ஓகஸ்ட் முதலாந் திகதி அமெரிக்க இசைவாணர் சங்கம், ஜேம்ஸ் பெட்ரில்லோவின் தலைமையில், ஒலிப்பதிவை முற்றாக நிறுத்தியது. தட்டும், காசு போட்டால் பாடும் ஜூக் பெட்டியும் தம் பிழைப்பைப் பறிக்கின்றன என்பது அத்தொழிலாளரின் முறைப்பாடு. டெக்கா கம்பனி 1943 இலும், விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பரிலும் பணிந்து, சங்க நிதிக்குப் பணம் செலுத்த உடன்பட்டன. இடைப்பட்ட காலத்தில் கம்பனிகள் விற்றது என்ன? பழைய பதிவுகளையே. 1939 இல் ஹரி ஜேம்ஸ் குழுவோடு பிராங்க் சினாட்ரா பாடிய ஒரு பாட்டு 1943 இல் மறுபடி வெளியிடப்பட்டு நாடெங்கும் முழங்கியது. ஒரு கையால் மக்களின் பழந்தட்டுகளை வாங்கி அரைத்துக்கொண்டு, மறு கையால் தமது பழம் பதிவுகளை அவர்களுக்கே புதிதாக விற்றனர். பழையது குப்பையா, சொத்தா என்பது அது யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது போலும்.

அரைபட்டவற்றுள் எவை மீட்கமுடியாத இழப்பு என்பதை உணர்வதற்கு ஒரு நாற்காலிக் கம்பனியின் கதையை அறிதல் நன்று. விஸ்கொன்சின் மாநிலத்து நாற்காலி உற்பத்தியாளர் சிலர் கிராமபோன் பெட்டிகளையும் செய்துவந்தனர். பெட்டி விற்பதற்குத் தட்டு வேண்டுமே என்று பரமவுண்ட் என்ற பெயரில் கிராஃப்டன் என்ற சிற்றூரில் தட்டுகளையும் உற்பத்தி செய்யலாயினர். அவர்கள் கலையை வளர்க்க வந்தவரல்லர். கறுப்பின மக்களுக்கென்று தனியே விற்கப்பட்ட 'ரேஸ் ரெக்கோர்ட்ஸ்' வரிசையில் இலாபம் இருப்பதைக் கண்டு 1922 முதல் அதில் இறங்கினர். மா ரெய்னியும், பிளைண்ட் லெமன் ஜெபர்சனும், மிசிசிப்பிப் பருத்தி வயல்களிலிருந்து வந்த சார்லி பட்டனும் சன் ஹவுஸும் அவர்களிடமே பாடினர். மலிவான கலவை, கரகரக்கும் ஒலி. 1929 இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் தட்டு வாங்கும் சக்தி அம்மக்களிடம் இல்லை. பிரதிகள் மிகச் சிலவே விற்பனையாயின. 1932 இல் ஒலிப்பதிவு நின்றது. மூல அச்சுகள் பழைய உலோகமாக விற்கப்பட்டன. வேலையிழந்த தொழிலாளர் மிஞ்சிய தட்டுகளை மில்வோக்கி ஆற்றில் வீசி எறிந்தனர் என்று ஒரு கதை நெடுங்காலம் வழங்கிவந்தது. 2006 இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக முக்குளிப்போர் ஆற்றின் அடியைத் துழாவினர். ஒரு தட்டும் அகப்படவில்லை.

சேகரிப்போர் இந்தச் சூழலிலேதான் தோன்றினர். 1930களில் சேகரிப்பு என்றால் ஜாஸ் சேகரிப்பு. பெரும்பாலும் நடுத்தர வர்க்கத்து வெள்ளை இளைஞர், கல்லூரி மாணவர். பழந்தட்டுக் கடைகளிலும் தருமக் கடைகளிலும் குவியல்களைக் கிளறித் தாம் விரும்பிய குழுக்களின் பெயர்களைத் தேடினர். அவர்கள் செய்த தொண்டை நாம் மறுக்கவில்லை. பாடியவர் யார், வாசித்தவர் யார், எந்த நாளில் எந்த நகரில் என்று தட்டுகளின் வரலாற்றை எழுதத் தொடங்கியவர்கள் சர்வகலாசாலைப் பேராசிரியர்களல்லர். இந்தக் குப்பை கிளறிகளே. பிரான்சியரான சார்ல்ஸ் டெலோனே 1936 இலேயே ஜாஸ் தட்டுகளின் பட்டியலை நூலாக வெளியிட்டார். ஆனால் அவர்கள் கண்ணுக்கும் ஓர் எல்லை இருந்தது. தனியொருவன் கித்தார் மீட்டி அடித்தொண்டையிற் பாடிய கிராமிய புளூஸ் தட்டு அகப்பட்டால், அதை மறுபடி குவியலில் எறிந்துவிட்டு அடுத்ததை எடுத்தனர்.

1944 இல் ஜேம்ஸ் மக்யூன் என்ற சேகரிப்பாளர் நியூயோர்க்கில் ஒரு பழந்தட்டுக் கடையில் சார்லி பட்டனின் பரமவுண்ட் தட்டு ஒன்றைக் கண்டெடுத்தார். புருக்ளினில் ஒரு விடுதியில் ஒற்றை அறையில் வாழ்ந்தவர். தட்டுகளைக் கட்டிலின் கீழே அட்டைப்பெட்டிகளில் வைத்திருந்தவர். பட்டனைக் கேட்டபின் அவரது ரசனையே திரும்பியது. அவரைச் சுற்றிக் கூடிய சிலரது ரசனையும் திரும்பியது. நேற்று எறியப்பட்டது இன்று மாணிக்கமாயிற்று. ஏறத்தாழ அதே காலத்தில் ஹரி ஸ்மித் என்ற இளைஞர், யுத்தத்துக்காகத் திரட்டப்பட்ட குவியல்களிலிருந்து கிராமிய இசைத் தட்டுகளை ஆயிரக்கணக்கில் சேர்த்தார். அவற்றிலிருந்து 84 பதிவுகளைத் தேர்ந்து 1952 இல் போக்வேஸ் கம்பனி மூலம் ஆறு நெடுந்தட்டுகளாக வெளியிட்டார். வெள்ளைப் பாடகர், கறுப்புப் பாடகர் என்று பிரிக்காமல், நிறத்தைக் கூறாமலே அவர் அவற்றை அடுக்கினார். 1960களின் அமெரிக்க நாட்டார் பாடல் இயக்கம் அதைக் கேட்டே வளர்ந்தது. அரைவை யந்திரத்துக்குச் செல்லும் வழியில் மறித்தெடுக்கப்பட்ட தட்டுகள் ஒரு தலைமுறையின் போர் எதிர்ப்புப் பாடலுக்குத் தாய்ப்பால் ஊட்டின எனலாம்.

இனி, சேகரிப்போர் வேண்டாத தட்டுகளை என்ன செய்கின்றனர் என்பதைப் பார்ப்போம். மேரிலந்து மாநிலத்து ஜோ பசார்ட் 1950களிலும் 60களிலும் மலைநாட்டுக் கிராமங்களில் கதவு கதவாகத் தட்டிப் பழந்தட்டுகளை வாங்கியவர். அவர் 2022 இல் காலமானபோது அவரது நிலவறையில் ஏறத்தாழ 15,000 தட்டுகள் இருந்தன. 1933க்குப் பிற்பட்ட ஜாஸ் ஜாஸே அன்று என்பது அவரது தீர்ப்பு. இத்தகைய தீர்ப்பாளர் ஒருவரிடம் ஒரு குடும்பத்தின் தட்டுப்பெட்டி முழுவதும் போய்ச் சேர்ந்தால், அதில் இரண்டையோ மூன்றையோ அவர் எடுப்பார். மீதி? சில மற்றொருவரோடு பண்டமாற்றாகும். சில அஞ்சலில் போகும் நல்ல தட்டுக்கு முன்னும் பின்னும் காப்பாக வைத்துக் கட்டப்படும். சில தருமக் கடைக்குப் போகும். அங்கும் இப்போது வாங்க மறுக்கின்றனர். சில சூட்டில் இளக்கப்பட்டுப் பழக்கிண்ணமாகவும் பூச்சட்டியாகவும் வளைக்கப்படும். பாட்டு வரிகள் சுற்றிச் சுற்றி ஓடும் பூச்சட்டியில் செடி வளர்ப்பதில் என்ன அழகு உண்டோ, நாம் அறியோம். பெரும்பகுதி நகரசபைக் குப்பையோடு மண்ணுக்குள் போகிறது. 1955 இல் வெளிவந்த 'பிளாக்போர்ட் ஜங்கிள்' என்ற திரைப்படத்தில், ஆசிரியர் ஒருவர் ஆசையோடு வகுப்புக்குக் கொண்டுவரும் தமது தட்டுகளை மாணவர் எறிந்து உடைக்கும் காட்சி வருகிறது. ஆசிரியராயுள்ள வாசகர் அதைச் சகிப்பது கடினம். ஆனால் உண்மையில் தட்டுகளை அதிகம் அழித்தவர் போக்கிரி மாணவரல்லர். மூல அச்சுகளுக்கு உரிமை கொண்டாடியவரே. அதற்குப் பின்னர் வருவோம்.

சேகரிப்பாளரின் அளவுகோலில் உள்ள ஒரு விசித்திரத்தை நாம் சுட்டிக்காட்ட வேண்டும். அவர்கள் தட்டுகளைத் தேய்வின்படி தரம் பிரிப்பர். இரும்பு ஊசியும் பாரமான ஒலிப்பெட்டியும் ஒவ்வொரு முறையும் பள்ளத்தைச் சிறிது அராவிவிடும். ஆகவே ஒவ்வொரு பக்கத்துக்கும் ஊசியை மாற்றுமாறு ஊசிப்பெட்டியிலேயே எழுதியிருக்கும். ஏழை வீட்டில் யார் மாற்றுவார்? ஒரே ஊசி மழுங்கும்வரை ஓடும். ஆகவே அதிகம் விரும்பிக் கேட்கப்பட்ட தட்டே அதிகம் தேய்ந்தது. கூடிக் கேட்கப்பட்டு, அழுது கேட்கப்பட்டு, சாம்பல் நிறமாய்ப் போன தட்டு இன்று கடைத்தரம். வாங்கியபின் பிடிக்காமல் உறையிலேயே கிடந்தது முதல்தரம். மக்கள் நேசித்ததற்கான சாட்சியமே அதைக் கழிப்பதற்கான நியாயமாக மாறிவிட்டது.

அருமையும் விலையும் ஒன்றாயின பின்னர் நிகழ்ந்தது எதிர்பார்க்கக்கூடியதே. 2013 இல் டொமி ஜோன்சனின் ஒரு பரமவுண்ட் தட்டு 37,100 டொலருக்கு விலைபோயிற்று. அவரோ வறுமையிலே வாழ்ந்து 1956 இல் மறைந்தவர். மறுபுறம், விலையில்லாதவை வேண்டாதவையாயின: தேவாலயப் பாட்டு, நகைச்சுவைப் பேச்சு, மொழிப்பயிற்சித் தட்டு, போலந்து, உக்ரேன், கிரேக்கம், சிரியா முதலிய நாடுகளிலிருந்து ஆலை வேலைக்கு வந்தோர் தத்தம் மொழியிற் பாடிய தட்டு. சுரங்கத் தொழிலாளியும் தையல் தொழிலாளியும் ஊரை நினைத்துக் கேட்ட பாடல்கள் அவை. பேரப்பிள்ளைகளுக்கு மொழி புரியவில்லை. சேகரிப்போருக்கு இசை புரியவில்லை. ரிச்சர்ட் ஸ்பொட்ஸ்வுட் 1990 இல் ஏழு பாகங்களாக வெளியிட்ட அட்டவணை, 1942 வரை அமெரிக்காவில் உற்பத்தியான இத்தகைய தட்டுகளை மொழிவாரியாகக் காட்டுகிறது. அந்த ஏழு பாகங்களையும் புரட்டுபவர் எத்தனை பெரிய இசையுலகம் குப்பைக்குப் போயிற்று என்று திகைப்பர்.

தமிழ்த் தட்டுகளின் கதி இதிலிருந்து வேறுபட்டதன்று. கல்கத்தாவின் டம்டம் ஆலையில் அழுத்தப்பட்ட கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் பாக்குநீரிணையைக் கடந்து இங்கும் வந்து பாடினர். அமெரிக்கா 78 சுழற்சித் தட்டைக் கைவிட்ட பின்னரும் அவ்வாலை அதை விடவில்லை. 1960களின் நடுப்பகுதியில் பீட்டில்ஸ் பாட்டுகளைக்கூட அரக்குத் தட்டில் அழுத்தியது. பின்னர் நாடா வந்தது. பெட்டியும் தட்டும் பழைய சாமான்காரனிடம் போயின. சங்கீத வித்துவான்களின் தட்டை வைத்திருந்தோர் உண்டு. நாடகப் பாட்டையும் ஹாஸ்யத் தட்டையும் வைத்திருந்தோர் சிலரே.

இப்போது மூல அச்சுகளின் சொந்தக்காரரிடம் வருவோம். 1960களின் தொடக்கத்தில் ஆர். சி. ஏ. விக்டர் கம்பனி, நியூ ஜேர்சியின் கம்டன் நகரில் மூல அச்சுகள் நிறைந்திருந்த தனது பண்டகசாலையை வெடிவைத்துத் தகர்த்தது. இடிபாடுகள் டெலவெயர் ஆற்றுக்குள் தள்ளப்பட்டு, மேலே படகுத்துறை கட்டப்பட்டது. இடிப்பதற்கு முன் தமக்கு வேண்டிய சிலவற்றை எடுத்துச் செல்லச் சிலருக்கு அனுமதி கிடைத்ததாம். எடுத்தவை போக எஞ்சியவை ஆற்றடியில்.

அந்தக் கம்பனியின் உரிமைகள் இன்று சோனி கம்பனியிடம் இருக்கின்றன. 2017 இல் பொஸ்டன் பொதுநூலகம், பல ஆண்டுகளாக எவரும் கேட்க முடியாதபடி அடைந்துகிடந்த தனது தட்டுகளை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலாபநோக்கற்ற நிறுவனத்திடம் கையளித்தது. சேகரிப்போர் பலரும் தமக்கு வேண்டாதவற்றை அங்கே அனுப்பினர். பள்ளத்தின் அகலம் தட்டுக்குத் தட்டு வேறுபடுமாதலால், நான்கு ஊசிக்கரங்கள் பூட்டிய சுழல்மேசையில் ஒவ்வொரு தட்டையும் ஒரே ஓட்டத்தில் நான்கு விதமாகப் பதிவு செய்தனர். நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகள் இவ்வாறு பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. 2023 ஓகஸ்டில் சோனியும் யுனிவர்சலும் வேறு சில கம்பனிகளும் உரிமைமீறல் என்று வழக்குத் தொடுத்தன. அவை எடுத்துக்காட்டிய பாட்டுகளுள் பிங் கிரொஸ்பியின் 'வைட் கிறிஸ்மஸ்' ஒன்று. பெருந்தொகையாக விற்றுத் தீர்ந்து, சேகரிப்போர் சும்மா கொடுத்தாலும் தொடாத தட்டு. 2025 இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது, நிபந்தனைகள் வெளியிடப்படவில்லை. அமெரிக்காவில் 2018 இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 1923க்கு முற்பட்ட பதிவுகள் 2022 ஜனவரி முதலாந் திகதிதான் பொதுச்சொத்தாயின. அதற்குப் பிற்பட்டவை ஆண்டுக்கு ஆண்டாக மெல்ல விடுபட்டு வருகின்றன. கம்பனி மறந்ததும், சேகரிப்பாளன் எறிந்ததும், நூலகம் பூட்டியதுமான ஒரு தட்டு, பிறர் எவரேனும் அதைத் தூசு தட்டி நாலுபேர் கேட்க வைக்கும் நாளில்தான் திடீரென்று தனியுடைமையாக விழித்துக்கொள்கிறது.

சன் ஹவுஸ் 1930 இல் கிராஃப்டனிற் பாடிய ஒரு தட்டு, ஒரு பிரதிகூட இல்லை என்று கருதப்பட்டிருந்த நிலையில், 2005 இல் வெளிப்பட்டது. அதே நாட்களில், அதே ஊரில், அவருடன் சென்ற வில்லி பிரவுணும் பாடினார். அவர் பாடியவற்றுள் இரண்டு தட்டுகளின் பெயர்கள் கம்பனியின் பட்டியலில் இருக்கின்றன. தட்டுகள் இதுவரை கிடைக்கவில்லை.